பல்லைப் பிடுங்கினால் போதுமா?

பாம்பாட்டியின் மகுடிக்கு முன் படமெடுத்தாடும் நாகத்தைச் சுற்றிச் சிறுவர்கள் அச்சமின்றி நின்ற காலம் ஒன்று உண்டு. "பல்லைப் பிடுங்கியிருப்பான், ஒன்றும் செய்யாது" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அந்தச் சொல்லே எல்லோருக்கும் காப்பு. ஆனால் விலங்கியல் படித்தவர்கள் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பாம்பின் நச்சுப்பல் விழுந்தால், பின்னால் வரிசையில் காத்திருக்கும் மாற்றுப்பல் அந்த இடத்துக்கு வந்துவிடும். வாழ்நாள் முழுதும் அதற்குப் பல் முளைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை பிடுங்கியவன் மறுபடியும் பிடுங்க வேண்டும்.

நோய்க்கிருமிகளுக்கும் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்ற கருத்து சில ஆண்டுகளாக அறிவியல் செய்திகளில் அடிக்கடி வருகிறது. கிருமியைக் கொல்லாமல், அது நமக்குத் தீங்கு செய்யப் பயன்படுத்தும் கருவியை மட்டும் முடக்கும் மருந்துகள் வரப்போகின்றன. அவை ஆன்டிபயாடிக் மருந்துகளின் இடத்தைப் பிடிக்கும். கிருமி சாகாததால் அம்மருந்துகளை எதிர்த்து வளர அதற்குத் தேவையும் இராது. எனவே மருந்து எதிர்ப்பு என்ற தொல்லையே தீர்ந்துவிடும். செய்திகள் கூறுவது இவ்வளவுதான். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் கருத்தைச் சரியாகப் புரிந்துகொள்வோம். பாக்டீரியாவாகப் பிறந்த எல்லாமே நமக்குப் பகை அல்ல. நம் குடலில் கோடிக்கணக்கானவை வாழ்ந்து உதவி செய்கின்றன. நோய் தரும் இனங்களிடம் சில தனிக் கருவிகள் உள்ளன. உயிரணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிழைகள், உயிரணுவுக்குள் நச்சைச் செலுத்தும் ஊசி போன்ற அமைப்புகள், வெளியே கொட்டும் நச்சுப் புரதங்கள் ஆகியவற்றைக் கூறலாம். இவற்றை எல்லாம் சேர்த்து அதன் வீரியம் என்கிறோம். பெனிசிலினும் அதன் வழிவந்தவையும் கிருமியின் சுவரை உடைக்கின்றன. வேறு சில அதன் புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. அதாவது கிருமி உயிர்வாழத் தேவையானதையே தாக்குகின்றன. வீரியம் தணிக்கும் மருந்தோ கிருமியை வாழவிட்டுக் கருவியை மட்டும் பறிக்கிறது. நல்ல பாக்டீரியாக்களிடம் அக்கருவிகள் இல்லாததால் அவை தப்பிவிடும். இந்த ஒரு நன்மையைப் பொறுத்தவரை மருந்தின் ஆதரவாளர்கள் சொல்வது பெரும்பாலும் சரியே.

மாற்று மருந்து ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று கேட்பவர்கள் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-ல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கடைசிப் புகலிடமாக வைத்திருந்த கார்பாபெனம் வகை மருந்துகளையும் சிதைத்துவிடும் என்.டி.எம்-1 என்ற நொதியை உடைய கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளில் காணப்பட்டதாக அது அறிவித்தது. அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73. நொதியின் பெயரில் புதுதில்லியைச் சேர்த்தது பற்றி அரசியல் கூச்சல் எழுந்தது. எண்களைப் பற்றி அவ்வளவு கூச்சல் எழவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பழைய மருந்து, புதிய பெயர்

இது புத்தம் புதிய கருத்து என்று எழுதுவது சரியன்று. கொல்லாமல் முடக்கும் மருந்து ஆன்டிபயாடிக்குகளைவிட மூத்தது. 1888-ல் பாரிஸில் ரூ, யெர்சின் என்ற இருவர், தொண்டை அடைப்பான் நோயின் கிருமி வளர்ந்த நீரைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தனர். கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த நீரை விலங்குகளுக்கு ஏற்றியபோது அவை இறந்தன. கொன்றது கிருமியல்ல, அது உமிழ்ந்த நச்சு. இரண்டே ஆண்டுகளில், 1890-ல், பெர்லினில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் நச்சுக்கு எதிர்நச்சு உண்டு என்று காட்டினர். நச்சைச் சிறிது சிறிதாக விலங்குக்கு ஏற்றினால் அதன் இரத்தத்தில் முறிப்பான் உண்டாகிறது. பின்னர் குதிரைகளின் சீரத்தைப் பிரித்தெடுத்துக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். பேரிங்குக்கு 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போனவர்கள் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பாம்பைக் கொல்லாமல் நஞ்சைக் கறந்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்கு ஏற்றித்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. பேரிங்கின் வழிதான் அதுவும்.

இந்த மூத்த மருந்து நமக்குக் கற்றுத்தந்த பாடங்களைப் புதிய மருந்துகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். எதிர்நச்சு இரத்தத்தில் மிதக்கும் நச்சை மட்டுமே பிடிக்கும். உயிரணுவுக்குள் நுழைந்துவிட்ட நச்சை அதனால் தொட முடியாது. ஆகவே நாள் தள்ளிப்போனால் பயன் குறையும். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், தொண்டையைப் பார்த்த ஐயத்தின் பேரிலேயே எதிர்நச்சைப் போடச் சொல்வது இதனால்தான். கிருமி தொண்டையிலேயே உயிரோடு இருந்து அடுத்த பிள்ளைக்குப் பரவும் என்பதால் பெனிசிலினோ எரித்ரோமைசினோ கூடவே தரப்படுகிறது. முடக்கும் மருந்தும் கொல்லும் மருந்தும் இங்கே போட்டியாளர்கள் அல்ல, ஒரே சீட்டில் எழுதப்படும் இரண்டு வரிகள்.

எதிர்ப்பு வராதா?

இனி முக்கியமான வாதத்துக்கு வருவோம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒரு கோடிக் கிருமிகளில் தற்செயலான திடீர் மாற்றத்தால் தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு மட்டும் பிழைக்கின்றன. மற்றவை செத்துக் காலியான இடமெல்லாம் அவற்றின் சந்ததிக்குக் கிடைக்கிறது. முடக்கும் மருந்து யாரையும் கொல்வதில்லை, எனவே இடம் காலியாவதில்லை, எனவே எதிர்ப்பு உள்ளதற்கு ஆதாயமும் இல்லை. வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் அது ஒரு நிபந்தனையை மறைத்து வைத்திருக்கிறது. அக்கருவியால் கிருமிக்கு எந்த ஆதாயமும் இல்லாதிருக்க வேண்டும் என்பதே அது.

டெட்டனஸ் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பான இடம் மண்ணும் விலங்குகளின் குடலும். துருப்பிடித்த ஆணி குத்திய காலில் அது நுழைந்து மனிதனை வில்லாக வளைத்துக் கொல்வதால் அதற்குப் பரவும் வழி ஒன்றும் கிடைப்பதில்லை. நமக்கு உயிர்ப் பிரச்சினையான அந்த நச்சு, நம் உடலைப் பொறுத்தவரை கிருமிக்கு வீண் விபத்து. எதிர்நச்சு வந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்குத் தப்பும் டெட்டனஸ் நச்சு தோன்றிப் பரவவில்லை. ஆதரவாளர்களின் வாதம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

காலராவில் நிலைமை தலைகீழ். காலராக் கிருமி நச்சை வெளியே உமிழ்கிறது என்பதை 1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயலின் குடலைக் கொண்டு நிறுவினார். (இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்த இந்தியரின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் ஏன் இல்லை என்பது எனக்கு விளங்குவதில்லை.) அந்த நச்சு குடலின் உயிரணுக்களில் நுழைந்து உப்பையும் நீரையும் வெளியே இறைக்கும் குழாயைத் திறந்து விட்டுவிடுகிறது. நோயாளிக்கு அது மரண ஆபத்து, கிருமிக்கோ அது பயணச் சீட்டு. கஞ்சித் தண்ணீர் போன்ற பேதியில் ஏறித்தான் அது அடுத்த குளத்துக்கும் குழாய்க்கும் போகிறது. இத்தகைய கருவியை மருந்தால் பறித்தால், மருந்தை மீறிக் கருவியை வைத்துக்கொண்டிருக்கும் கிருமிக்குப் பேராதாயம் உண்டு. அதுவே அதிகம் பரவும்.

இது வெறும் ஊகமன்று. 2005-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் சுமார் 50,000 வேதிப்பொருள்களைச் சலித்து 'விர்ஸ்டாடின்' என்ற ஒன்றைக் கண்டெடுத்தனர். காலராக் கிருமியில் நச்சு உற்பத்திக்கு உத்தரவிடும் டாக்ஸ்-டி என்ற புரதத்தை அது முடக்குகிறது. எலிக்குட்டிகளின் குடலில் கிருமி நிலைகொள்வதையும் அது தடுத்தது. இதுவரை செய்தித்தாள்களும் சொல்லின. ஆனால் அதே ஆய்வில், டாக்ஸ்-டி புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய கிருமி அம்மருந்துக்கு மசியவில்லை என்றும் அவர்களே கண்டு எழுதியிருந்தார்கள். பல் பிடுங்கப்பட்ட அன்றே மாற்றுப்பல்லும் தென்பட்டுவிட்டது. காலரா வேடம் மாற்றிக்கொள்ளும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1992 இறுதியில் சென்னையில் முதன்முதலாகத் தலைகாட்டிய ஓ-139 என்ற புதிய காலரா வகை, சில மாதங்களில் வங்கத்தையும் வங்கதேசத்தையும் உலுக்கியது.

இன்னொரு வகை மருந்து கிருமிகளின் பேச்சைத் தடுப்பது. பாக்டீரியாக்கள் சிறு வேதிப்பொருள்களை வெளியிட்டுத் தம் கூட்டம் எவ்வளவு பெரிது என்று 'தலை எண்ணிக்' கொள்கின்றன. போதிய ஆள் சேர்ந்த பிறகே கருவிகளை எடுக்கின்றன. ஒளிவீசும் கடல் பாக்டீரியாக்களில் 1970-ல் இந்த வழக்கம் தெரியவந்தது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர் சாஸ்த்ராவிலும் இப்பேச்சைக் குலைக்கும் பொருள்களைத் தேடும் ஆய்வுக்கூடங்கள் இருப்பது நமக்குப் பெருமையே.

இங்கேயும் கிருமி சும்மா இருப்பதில்லை. சூடோமோனாஸ் என்ற கிருமியை, பேச்சு நின்றால் உணவையே பயன்படுத்த முடியாத சூழலில் வளர்த்துப் பேச்சைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தார்கள். அப்பொருளை உடனுக்குடன் வெளியே இறைத்துத் தள்ளும் வகைகள் தோன்றிவிட்டன. 2012-ல் வெளிவந்த ஆய்வு இது.

அதைவிட வியப்பானது 2010-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு. மூச்சுக்குழாயில் குழல் பொருத்தப்பட்டுத் தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகளிடம் செய்யப்பட்டது அது. அங்கேயும் குடியேறியிருந்தது இதே சூடோமோனாஸ்தான். மருந்து பெறாத நோயாளிகளிடம் நாளாக ஆக ஒருவகை 'சோம்பேறிக்' கிருமிகள் பெருகின. மொய் வைக்காமல் பந்தியில் உட்காருகிறவர்களைப் போல, மற்றவை செலவு செய்து உண்டாக்கும் பொதுச் சொத்தை இவை தின்று வளர்ந்தன, தாம் கருவி செய்வதில்லை. அதாவது இயற்கையாகவே கூட்டத்தின் வீரியம் குறைந்துகொண்டு வந்தது. பேச்சைத் தடுக்கும் தன்மையுள்ள அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டவர்களிடமோ பொதுச் சொத்தே உண்டாகவில்லை. பந்தியே நடக்காதபோது ஓசியில் சாப்பிடுகிறவனுக்கு என்ன லாபம்? சோம்பேறிகளுக்கு ஆதாயம் போனதால் வீரியம் முழுமையாக உள்ள கிருமிகளே நிலைத்தன. நல்லது செய்யப்போய் வீரியசாலிகளைப் பாதுகாத்து வைத்ததாயிற்று.

ஆகவே 'எதிர்ப்பு வராது' என்று பொதுவாகச் சொல்வது பிழை. எந்தக் கருவி, அதனால் கிருமிக்கு எங்கே என்ன ஆதாயம், அந்த ஆதாயம் அதற்கு மட்டுமா அல்லது கூட்டத்துக்கே பொதுவா என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே கேட்டாக வேண்டும்.

இடையில் மாணவர்களுக்கு ஒரு சொல். 'மஞ்சள் கிருமியின் பேச்சை நிறுத்துகிறது', 'பூண்டு கிருமியின் ஆயுதத்தைப் பறிக்கிறது' என்ற தலைப்புகளைக் கண்டால் சற்று நிதானியுங்கள். இவற்றில் பலவற்றின் அடிப்படை ஓர் ஊதாநிறத் தட்டு. குரோமோபாக்டீரியம் என்ற பாக்டீரியா, பேச்சு நடக்கும்போது ஊதா நிறம் தரும். மூலிகைச் சாற்றை இட்ட இடத்தில் நிறம் மறைந்தால் பேச்சு நின்றதாகக் கொள்கிறார்கள். சாறு கிருமியை நலிவடையச் செய்தாலும் நிறம் மறையலாம், நிறமியின் உற்பத்தியை மட்டும் கெடுத்தாலும் மறையலாம். நல்ல ஆய்வுக்கூடங்கள் இவற்றையும் சோதித்த பிறகே எழுதுகின்றன. செய்தித் தலைப்புகள் அவ்வளவு காத்திருப்பதில்லை. தவிரவும், மஞ்சளிலுள்ள குர்குமின் வாய்வழி உண்டால் இரத்தத்தில் மிகச் சொற்பமே சேர்கிறது. தட்டுக்கும் உடலுக்கும் இடையே நெடுந்தூரம்.

மிச்ச வேலையை யார் முடிப்பது?

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஒரு நிலையம் உண்டு. 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர்ப்பலகை. அன்றாடம் அதைக் கடப்பவர்கள்கூட அந்தச் சொல்லின் பொருளை நினைத்துப் பார்ப்பதில்லை. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மென்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். கணிதமேதை இராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றதுண்டு. அந்நாளில் காசக் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவற்றால் உடலின் எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதுதான் வைத்தியம். கிருமியோடு போராடும் வேலை முழுதும் உடலுக்கே விடப்பட்டது.

உடல் அதை எவ்வளவு தூரம் செய்தது? பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனம் 1960-களில் அப்பகுதிக் கிராம மக்களிடையே நடத்திய ஐந்தாண்டு ஆய்வு இதற்கு விடை தருகிறது. சளியில் கிருமி கண்ட நோயாளிகளில் ஐந்தாண்டு முடிவில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்திருந்தனர். மூன்றில் ஒருவருக்குத் தானாகவே கிருமி நீங்கியிருந்தது. மீதமிருந்தவர்கள், சுமார் ஐந்தில் ஒருவர், உயிரோடிருந்து கிருமியைத் துப்பிக்கொண்டிருந்தனர்.

முடக்கும் மருந்து என்பது மிச்சப் போராட்டத்தை மீண்டும் உடலிடமே ஒப்படைப்பது. ஆயுதமிழந்த பகைவன் என்பதால் உடலுக்கு வேலை எளிதாகும் என்பது உண்மைதான். ஆனால் உடலிடம் படை இருக்க வேண்டுமே! தாம்பரத்தின் அந்தப் பழைய சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990-களிலிருந்து எச்.ஐ.வி. தொற்றியவர்கள் அங்கே பெருமளவில் சிகிச்சைக்கு வந்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து தரத் தொடங்கியபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று. அங்கு படுக்கையில் கிடந்தவர்களின் துன்பமே, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அழிந்துபோனதுதான். இன்று நம் புறநகர்களில் வீட்டுக்கு வீடு காணும் சர்க்கரை நோயும் இதே எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது, காசநோய்க்குக் கதவைத் திறக்கிறது. முதியவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொள்பவர்கள், சத்தில்லாத குழந்தைகள் எல்லாரும் இந்த வரிசைதான். கிருமியால் மிகவும் சாகிறவர்கள் இவர்கள்தாம், முடக்கும் மருந்து குறைவாக உதவக்கூடியவர்களும் இவர்கள்தாம். இம்மருந்தைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளில் நான் தேடியும் அரிதாகவே காணும் வாக்கியம் இது.

ஆயுதமிழந்த கிருமி எதிர்ப்பாற்றலற்ற உடலில் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்றே சொல்லலாம். அதே ரயில் பாதையில் கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் இருக்கிறது. பி.சி.ஜி. என்பது பல் பிடுங்கிய மாட்டுக் காசக் கிருமி. கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சுக்காரர்கள் 13 ஆண்டுகள் 230 முறை வளர்ப்பு மாற்றி அதைச் சாதுவாக்கினர். எந்தப் பல் விழுந்தது என்பது 1990-களில்தான் தெரிந்தது. உயிரணுவின் உள்ளறையை உடைத்து வெளியேறும் கருவிக்கான மரபணுத் துண்டு அதில் தொலைந்திருந்தது. கோடிக்கணக்கான குழந்தைகளின் தோளில் ஒரு தழும்போடு முடிந்துபோகும் இந்தச் சாதுக் கிருமி, பிறவியிலேயே எதிர்ப்பாற்றலில் கடுங்குறை உள்ள குழந்தையின் உடலில் எங்கும் பரவி உயிரையே எடுக்கக்கூடும். எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளுக்கு இதைப் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் கூறியது இதனால்தான்.

எந்தக் கிருமி என்று யார் சொல்வது?

2024 டிசம்பரில் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பல்லாவரம் பகுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், சிலர் இறந்தனர். குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த முதல் இரவில் பணியிலிருந்த மருத்துவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். காலராவா, ஈ.கோலையா, ஷிகெல்லாவா, வைரஸா? காலரா நச்சை முடக்கும் உயர்ந்த மருந்து ஒன்று உங்கள் அலமாரியில் இருந்தால் அதை யாருக்குக் கொடுப்பீர்கள்? முடக்கும் மருந்து ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போன்றது. பூட்டு எதுவென்று தெரியாமல் சாவியால் பயனில்லை. கிருமியை வளர்த்துக் கண்டறிய ஓரிரு நாட்களாகும், நீரிழப்பில் துவண்ட குழந்தைக்கு அவ்வளவு அவகாசமில்லை.

அந்த இரவில் எந்தக் கிருமியானாலும் பயன்படும் மருந்து உப்பு-சர்க்கரைக் கரைசல். அதை முடக்கும் மருந்து என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நச்சு தன் வேலையைச் செய்தும் அதன் விளைவு மரணமாகாமல் தடுப்பது அதுதான். 1971-ல் வங்கதேச அகதிகளின் போங்கான் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் வாய்வழிக் கரைசலைக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. பொட்டலத்தின் விலை சில ரூபாய்.

ஆன்டிபயாடிக்கின் பலமும் பலவீனமும் அதன் பரந்த வீச்சு. ஊகத்தின் பேரில் எழுதினாலும் ஓரளவு குறி தப்புவதில்லை. அதனால்தான் இரண்டு நாள் காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கும் வழக்கம் வளர்ந்தது. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற 'எச்-1' விதி 2014-ல் நடைமுறைக்கு வந்தும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றைக் கிருமிக்கான மருந்தை இறக்கினால் அதுவும் ஊகத்தின் பேரிலேயே விற்கப்படும், பெரும்பாலும் பலனின்றி.

இது தீராத குறை அல்ல. காசநோயில் தீர்த்துக் காட்டியிருக்கிறார்கள். முன்பு கிருமியை வளர்த்து மருந்து எதிர்ப்பைக் கண்டறிய வாரக்கணக்கில் ஆகும். 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மரபணுப் பரிசோதனை, சளியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதையும் ரிபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடுகிறது. பின்னர் நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் கருவி சிறிய சுகாதார நிலையங்களுக்கும் போகக் கூடியது. குறிவைக்கும் மருந்தைத் தேடிச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இத்தகைய சோதனைகளுக்குச் செலவிடாவிட்டால், மருந்து கிடைத்தும் பயனிராது.

இறுதியாக, வெற்றிபெற்ற ஒரு மருந்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். குடலில் கடும் பேதி உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலின் நச்சை முறிக்கும் பெஸ்லோடாக்சுமாப் என்ற எதிர்ப்புரதத்துக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்ப வந்தவர்கள் நூற்றுக்கு 27 என்பதிலிருந்து 17 ஆகக் குறைந்தனர். கூடவே கொல்லும் மருந்து, கிருமி எதுவென்று முன்பே தெரிந்த நோயாளி, திரும்ப வருவதைத் தடுக்கும் அடக்கமான குறிக்கோள். இம்மாதிரி இடத்தில் இவ்வகை மருந்து உண்மையிலேயே தன் பெயரைக் காப்பாற்றுகிறது. எனினும் அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம் 2025 ஜனவரியோடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. பணக்கார நாட்டு நோய்க்கான மருந்தின் கதியே இதுவென்றால், காலராவுக்கு முடக்கும் மருந்து செய்ய எந்த நிறுவனம் முன்வரும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். 1890-ல் பிறந்த மூத்த மருந்தான தொண்டை அடைப்பான் எதிர்நச்சுக்கே இன்று உலகில் தட்டுப்பாடு. 2023-ல் நைஜீரியாவில் அந்நோய் பரவியபோது அது போதிய அளவு கிடைக்கவில்லை. அதை இன்னமும் குதிரைகளைக் கொண்டு தயாரிப்பவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களில் இந்திய நிறுவனங்களும் உண்டு.